தைக்காமல் ஒட்டியே செய்த தார்ப்பாய் காற்றில் நிற்குமா?

நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டு நீளமாக எழுதினால் இருவருக்கும் வீண். தையல் மெஷின் கிடையாது, தைத்தும் பழக்கமில்லை. டைனீமா காம்போசிட் என்ற மிக இலேசான துணி வாங்கி, இருபக்க டேப்பால் ஒட்டி, ஏறக்குறைய 2.7 மீட்டருக்கு 3 மீட்டர் அளவில் ஒரு கேம்பிங் தார்ப்பாய் செய்ய வேண்டும். அது 200 கிராமுக்குள் அடங்குமா, எந்த டேப் வாங்குவது, நண்பரிடம் கிடக்கும் சில்நைலான் என்ற பூச்சுத் துணியையும் இதே மாதிரி ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இவ்வளவுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: நடுராத்திரி மழையும் காற்றுமாக அடிக்கும்போது, ஒரு இழை நூல்கூட இல்லாத இணைப்பை நம்பி அதன் கீழே படுக்கலாமா?

படுக்கலாம். பன்னிரண்டு வருடமாக இந்த மாதிரி விரிப்புகளைச் சொந்தமாகச் செய்து பயன்படுத்துகிறேன், தெரிந்தவர்களுக்கும் செய்து கொடுத்திருக்கிறேன், பழுது பார்த்ததுதான் அதிகம். நான் பார்த்த பழுதுகளில் இரண்டு துணியைச் சேர்க்கும் நடு இணைப்பு பிரிந்து வந்தது ஒன்றே ஒன்று, அதுவும் ஒட்டுவதற்கு முன் துடைக்காமல் விட்டது. மற்றதெல்லாம் மூலையிலோ கயிறு கட்டும் காதிலோ இணைப்பின் நுனியிலோ ஆரம்பித்தவை. அதனால் "ஒட்டு பலமாக இருக்குமா" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்தத் திசையில் இழுபடுகிறது என்று கேட்க வேண்டும்.

சோதனை ஒன்று, இரண்டு நிமிட வேலை. ஒரு துண்டு டேப்பை மேசையில் நன்றாக அழுத்தி ஒட்டி, அதன் வாலைப் பிடித்து மேசைக்கு இணையாக இழுத்துப் பாருங்கள், விரல்தான் வலிக்கும். அதே வாலை நகத்தால் தூக்கி மேல்நோக்கி மடித்து இழுங்கள், சரசரவென்று வந்துவிடும். பசை ஒன்றுதான், பரப்பும் ஒன்றுதான். முதல் இழுப்பில் சுமை முழுப் பரப்புக்கும் பரவுகிறது. இரண்டாவதில், அதாவது உரிக்கும்போது, அந்தந்த நேரத்தில் பிரிந்துகொண்டிருக்கும் ஒரு மெல்லிய கோட்டின் மேல்தான் அவ்வளவும் விழுகிறது. ஒட்டுத் தார்ப்பாயின் வடிவமைப்பு என்பதே எந்த இடத்திலும் உரிப்பு வராமல், வருவதெல்லாம் இழுப்பாகவே வரும்படி பார்த்துக்கொள்வதுதான். கீழே நான் சொல்லப்போகும் எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

துணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நெய்த துணியே இல்லை. டைனீமா இழைகளைப் பக்கம் பக்கமாகப் பரப்பி, நெட்டும் குறுக்குமாக வைத்து, மேலும் கீழும் பாலியெஸ்டர் படலத்தால் மூடி அழுத்தியது. பழைய பெயர் க்யூபன் ஃபைபர். 1992-இல் அமெரிக்காஸ் கோப்பையை வென்ற அமெரிக்கா க்யூப்டு என்ற பாய்மரப் படகின் பெயரிலிருந்து வந்தது. இந்தத் துணியைச் செய்துவந்த க்யூபிக் டெக் நிறுவனத்தை 2015-இல், அப்போது டைனீமா இழையைத் தயாரித்துவந்த டிஎஸ்எம் வாங்கியபிறகுதான் டைனீமா என்ற பெயரோடு இப்போதைய பெயர் வந்தது. பாய்மரத்துக்கென்று பிறந்த சரக்கு என்பதை நினைவில் வையுங்கள், அங்கே ஒட்டி இணைப்பது புதுமை ஒன்றுமில்லை. டைனீமா ஒரு பாலிஎத்திலீன் இழை, அதன் மேல் நேரடியாக எந்தப் பசையும் ஒழுங்காகப் பிடிக்காது. நாம் ஒட்டுவது வெளியே இருக்கும் பாலியெஸ்டர் தோலில், அதில் அக்ரிலிக் பசை அருமையாகப் பிடிக்கும். நன்றாக ஒட்டிய இணைப்பை வம்படியாக உரித்தால் பல நேரம் பசை விடாது, அந்தத் தோல்தான் இழையை விட்டுக் கழன்று வரும். அப்படி வந்தால் ஒட்டு சரியாக இருக்கிறது என்று அர்த்தம், சந்தோஷப்படுங்கள். தைப்பது இந்தத் துணிக்கு நல்லதில்லை என்பதற்கும் காரணம் அதே அமைப்புதான். நெய்த துணியில் ஊசி நூல்களை விலக்கிக்கொண்டு போகும். இதில் படலத்தில் ஓட்டை போடும், அந்த ஓட்டை மூடாது, தண்ணீர் ஒழுகும், பலமாக இழுத்தால் நூல் படலத்தைக் கிழித்துக்கொண்டே நீளும். ஆகவே மெஷின் இல்லாதது இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்குக் குறையே இல்லை.

சரி, நடு இணைப்பு ஏன் பிரியாது என்பதற்குக் கணக்கே போட்டுவிடலாம். 3 மீட்டர் நீளம், 25 மி.மீ. அகலம் என்றால் ஒட்டின் பரப்பு 750 சதுர செ.மீ. மணிக்கு 54 கி.மீ. வேகக் காற்று நேராக அடித்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 14 கிலோ தள்ளும். தார்ப்பாயின் ஒரு சரிவு 4 சதுர மீட்டர், ஆக 56 கிலோ. இறுக்கிக் கட்டிய துணியில் உண்டாகும் இழுவிசை இந்தத் தள்ளுவிசையைவிட அதிகமாகவும் இருக்கலாம், மூன்று மடங்கு என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு சதுர செ.மீ. ஒட்டுக்கு 225 கிராம்தான் வருகிறது. திடீரென்று வந்து போகும் காற்றுக்கு அது தாங்கும் சுமைதான். இந்த வகைப் பசைக்கு ஒரு குணம் உண்டு: வேகமாக இழுத்தால் இறுகப் பிடிக்கும், மெதுவாக விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் நகரும். அதனால் நிரந்தரச் சுமைக்குத் தனிக் கணக்கு. 3எம் நிறுவனம் விஎச்பி என்ற தன் பலமான ஒட்டு டேப்புகளுக்கு, எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும் சுமை என்றால் கிலோவுக்கு 55 சதுர செ.மீ. என்று பொதுவாகச் சொல்கிறது. அந்தக் கணக்கில் நம் 750 சதுர செ.மீ. ஒட்டு 13 கிலோவுக்கு மேல் நிரந்தரமாகவே தாங்கும். ஒரு இரவு கட்டி, காலையில் அவிழ்ப்பதற்கு இது தாராளம். மாதக்கணக்கில் ஓரிடத்தில் இறுக்கிக் கட்டிவைக்கப் போகிறீர்கள் என்றால் இந்தத் துணியும் வேண்டாம் இந்த முறையும் வேண்டாம், கனமான சாதாரணத் தார்ப்பாய் வாங்குங்கள்.

இப்போது மூலைக்கு வருவோம், நான் அடி வாங்கிய இடம். என் முதல் தார்ப்பாயில் மூலைக்கு மூலை உள்ளங்கை அளவுக்குத் துண்டு வெட்டி, நாடாவை அதற்கடியில் வைத்து, மேல் பக்கம் மட்டும் ஒட்டினேன். வீட்டில் கையால் இழுத்துப் பார்த்தபோது கல் மாதிரி இருந்தது. மூன்றாவது இரவோ நான்காவதோ, காற்று கொஞ்சம் எழும்பியது. டார்ச் அடித்துப் பார்த்தால் துண்டின் வெளி விளிம்பு நகக்கண் அளவுக்குத் தூக்கிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வீச்சுக்கும் அந்தத் தூக்கல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்வதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். விடியும்போது அந்த மூலை மொத்தமும் கழன்று கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பசை எந்தத் தப்பும் செய்யவில்லை. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் கயிறு இழுக்கும் கோடும் துணி இருக்கும் தளமும் ஒன்றாக இருக்காது, சில மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் அந்தச் சில மில்லிமீட்டர் நுனியைத் திருப்பித் தூக்கும், உரிப்பு அங்கேதான் தொடங்கும்.

தீர்வு, காது துணியின் இரண்டு பக்கத்தையும் பிடித்திருக்க வேண்டும். ஒரு துணிப் பட்டையை எடுத்து, நடுவில் சிறு வளையம் விட்டு, ஒரு கால் மேல் பக்கமும் மறு கால் கீழ்ப் பக்கமும் வருமாறு மூலையைக் கவ்வி ஒட்டுங்கள். இழுக்கும்போது சுமை இரண்டு முகத்துக்கும் சமமாகப் பிரிந்து, நடுவில் துணி நேராக நிற்கும், திருப்பும் விசை வராது. பட்டைக்குக் கொஞ்சம் கனமான துணி எடுங்கள், சதுர மீட்டருக்கு 34 கிராமோ அதற்கு மேலோ. கயிறு உரசும் வளையப் பகுதியை மட்டும் இரண்டு மூன்று மடிப்பாக வையுங்கள். இதைக் கட்டுவதற்கு முன்பே மூலையில் வலுவூட்டும் துண்டுகளை ஒட்டியிருக்க வேண்டும்: பெரியது 15 செ.மீ., அதன் மேல் 10 செ.மீ., விளிம்புகள் வட்டமாக. துண்டில் கூர்முனை விட்டால் அதுதான் முதலில் தூக்கும். இன்னொன்று, பலர் கவனிக்காதது. இழைகள் நெட்டும் குறுக்குமாகத்தான் ஓடுகின்றன, ஆனால் மூலைக் கயிறு இழுப்பது மூலைவிட்டத்தில். அதாவது துணி எந்தத் திசையில் பலவீனமோ அதே திசையில். அந்தத் திசையில் இழுபட்டு நீண்டால் இந்தத் துணி திரும்பச் சுருங்கவும் சுருங்காது. எனவே இரண்டு துண்டில் ஒன்றையாவது 45 பாகை திருப்பி வெட்டுங்கள், அதன் இழை கயிற்றின் திசையிலேயே ஓடும். ஒரு செலவும் இல்லாத வேலை, வித்தியாசம் கையில் தெரியும்.

நாடாவையே காதாக வைத்துத்தான் தீர வேண்டும் என்றால் அதை மட்டும் கையால் தைத்துவிடுங்கள். நாடா நெய்தது, மேடு பள்ளமாக இருக்கும், மெல்லிய டேப் அதன் மேடுகளில் மட்டும்தான் தொடும். வலுவூட்டிய மூலையில், நாலு அடுக்குக்கும் சேர்த்து பாலியெஸ்டர் நூலால் இருபது முப்பது தையல் போட்டு, அதன் மேல் ஒரு துண்டு துணி டேப்பால் மூடினால் ஒழுகாது. இங்கே ஊசி போடலாமா என்று கேட்பீர்கள்: அடுக்கு அடுக்காக இருக்கும் இடத்தில், சுமை பரவிய பிறகு, ஓட்டையால் பெரிய பாதகம் இல்லை. ஒற்றைத் துணியில்தான் கூடாது. தார்ப்பாயின் சரிவுக்கு நடுவே, உள்ளே இடம் கூட்டுவதற்காக வெளிப்பக்கம் இழுத்துக் கட்டும் காது வைப்பார்கள் சிலர். முதல் முயற்சியில் அதை விட்டுவிடுங்கள். அது துணிக்குச் செங்குத்தாக இழுக்கிறது, முழுக்க முழுக்க உரிப்பு.

எந்த டேப் என்றால், நான் பயன்படுத்தியவை 3எம் 9485 மற்றும் 9460. இரண்டும் படலம் எதுவும் நடுவில் இல்லாத வெறும் அக்ரிலிக் பசை, காகிதத்தில் சுற்றி வரும். 9485-இன் தடிமன் 0.13 மி.மீ., 9460 அதில் பாதிக்கும் குறைவு, 0.05 மி.மீ. 9460 விஎச்பி குடும்பம், நடு இணைப்புக்கு அதையே எடுப்பேன். தடித்த 9485 சின்னச் சின்ன மேடுபள்ளத்தையும் நிரப்பிக்கொள்ளும், கை பழகாதவர்களுக்குச் சௌகரியம், காதுகளுக்கும் அதுவே நல்லது. எடை வித்தியாசம் 3 மீட்டர் இணைப்பில் ஆறு கிராம்கூட வராது, அதைப் பற்றி யோசிக்காதீர்கள். வேறு நிறுவனத்தின் டேப் கிடைத்தால் பசை அக்ரிலிக்தானா என்று மட்டும் பாருங்கள். மலிவான இருபக்க டேப்புகள் பல ரப்பர் பசை, கையில் ஒட்டிப் பார்த்தால் அக்ரிலிக்கைவிட வேகமாகப் பிடிக்கும், அதில் ஏமாந்துவிடுவோம். வெயில் சூட்டில் இளகி நகர்ந்துவிடும். சூப்பர் க்ளூ காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், மடித்த இடத்தில் நொறுங்கும், கிட்டேயே வேண்டாம். இரண்டு பாகம் கலக்கும் யூரித்தேன் பசை உரிப்புக்கும் சூட்டுக்கும் நன்றாகத் தாங்கும், ஆனால் சிந்தும், குமிழி விடும், ஒரு நாள் காய விட வேண்டும். பழகிய பிறகு காதுகளுக்கு மட்டும் முயன்று பார்க்கலாம்.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். துணி பெரும்பாலும் 137 செ.மீ. அகலத்தில் வரும். 3 மீட்டர் நீளத்தில் இரண்டு வெட்டி, நீளவாக்கில் 2.5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் அகலம் 271.5 செ.மீ. உங்கள் 2.7 மீட்டர் அப்படியே வந்துவிடுகிறது, முகட்டு இணைப்பு ஒன்றே ஒன்று. துண்டுகளுக்காக அரை மீட்டர் கூடுதலாக வாங்குங்கள். வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் வேண்டாம், டைனீமா இழை அதன் வாயில் வழுக்கும்; இரும்பு ஸ்கேலை வைத்து, உருளும் கத்தியாலோ புது பிளேடாலோ ஒரே இழுப்பில் வெட்டுங்கள். தரையை ஒருமுறை பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் வேலையைத் தொடங்குங்கள், ஏனென்றால் இந்தத் துணியில் நிலைமின்சாரம் ஏறி வீட்டில் இருக்கும் தலைமுடி எல்லாவற்றையும் வாவென்று இழுத்துக்கொள்ளும். ஒட்டும் விளிம்பு இரண்டையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை: மார்க்கரால் அழகாகக் கோடு போட்டுவிட்டு ஆல்கஹாலால் துடைத்தால் கோடும் சேர்ந்து போய்விடும். எனக்கு இரண்டு முறை போனது. அதனால் விளிம்பிலிருந்து 25 மி.மீ. தள்ளி, காகித டேப்பை ஒட்டி எல்லை வைத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் உரித்துவிடலாம்.

டேப்பை முதல் துணியின் விளிம்பில், காகிதத்தோடு, இழுக்காமல் படிய விடுங்கள். காகிதத்துக்கு மேலே கரண்டியின் பின்பக்கத்தாலோ சின்ன ரப்பர் உருளையாலோ நன்றாகத் தேயுங்கள். அப்புறம் காகிதத்தை உரிக்காமலே இரண்டாவது துணியை மேலே விரித்து, எல்லைக்கோட்டுக்குச் சரியாக வைத்து, இரண்டு துணியின் மேலும் கனமான புத்தகங்களை வரிசையாக வைத்து அசையாமல் செய்யுங்கள். ஒரு கோடியில் காகிதத்தின் நுனியை மட்டும் உரித்து, 45 பாகையில் மடித்து, துணிக்கு வெளியே நீட்டிவிடுங்கள். இனி ஒருவர் அந்த நுனியைப் பக்கவாட்டில் ஒரு சாண் ஒரு சாணாக இழுக்க, இன்னொருவர் பின்னாலேயே விரலால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீவிக்கொண்டு வர வேண்டும். அவசரப்பட்டால் அங்கேதான் சுருக்கம் விழும். விழுந்தால் பிரித்துச் சரிசெய்யப் போகாதீர்கள், தோல் கழன்று வந்துவிடும். சுருக்கம் ஒட்டின் அகலம் முழுக்கக் குறுக்கே போயிருந்தால் மட்டும் தண்ணீர் நுழைய வழி உண்டு, அதற்கு மேலே ஒரு துண்டு ஒட்டி மூடுங்கள். கடைசியில் முழு நீளத்தையும் உருளையால் உடம்பின் எடையைக் கொடுத்து இரண்டு முறை அழுத்த வேண்டும். இந்தப் பசை தொட்டால் பிடிக்கும், அழுத்தினால்தான் ஊன்றும். அறையின் சூடு 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் அன்றைக்கு வேலையைத் தள்ளிப்போடுங்கள். விஎச்பி பசை 20 நிமிடத்தில் பாதி பலமும், ஒரு நாளில் 90 சதவீதமும், மூன்று நாளில் முழுப் பலமும் அடையும் என்பது தயாரிப்பாளர் கணக்கு, ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஒட்டினால் புதன்கிழமை வரை இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். இணைப்பின் இரண்டு கோடியையும் மேலும் கீழும் கவ்வியபடி ஒரு துண்டு ஒட்ட மறக்காதீர்கள், முகட்டில் கம்பு தூக்கும் இடமும் அதுவே, உரிப்பு தொடங்கக்கூடிய வாயும் அதுவே. ஓரத்தில் பசை பிதுங்கி ஒட்டிக்கொண்டே இருந்தால் கொஞ்சம் முகப் பவுடரைத் தடவுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு மாதிரி செய்து பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொல்கிறேன். 25 மி.மீ. அகலத்தில் இரண்டு பட்டை, 25 மி.மீ. ஏற்றி ஒட்டி, மூன்று நாள் விட்டு, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒரு நாள் முழுக்க அதில் தொங்கவிடுங்கள். ஒட்டின் விளிம்பில் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தால் நகர்ந்ததா என்பது தெரியும். துடைத்து ஒட்டியது ஒன்று, துடைக்காமல் ஒட்டியது ஒன்று என்று இரண்டு செய்து, கடைசியில் இரண்டையும் கையால் உரித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு துடைக்க யாரும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்காது.

விளிம்பு மடிக்க வேண்டுமா? நெய்யாத துணி என்பதால் நூல் பிரியாது, நேராக வெட்டிய விளிம்பை அப்படியே விடலாம், நான் விடுகிறேன். வளைத்து வெட்டினால் கதை வேறு, அங்கே இழை விளிம்போடு ஓடாமல் அறுபட்டு நிற்கும், ஒரு மடிப்பு ஒட்டியே ஆக வேண்டும். முகட்டையும் விளிம்பையும் தொங்கும் சங்கிலியின் வடிவத்தில் வளைத்து வெட்டினால் துணி படபடக்காமல் இறுகி நிற்கும் என்பது உண்மைதான். 3 மீட்டருக்கு நடுவில் 8 செ.மீ. ஆழம் என்றால், கால் பங்கு தூரத்தில் 6 செ.மீ., அரைக்கால் பங்கில் 3.5 செ.மீ. என்று குறித்து வளைத்தால் போதும், இவ்வளவு குறைந்த ஆழத்தில் சங்கிலி வளைவுக்கும் பரவளையத்துக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் டேப் வளையாது, ஒரு சாண் துண்டுகளாக வெட்டி ஒட்ட வேண்டும், அது இரண்டாவது தார்ப்பாய்க்கான வேலை. முதலாவது செவ்வகமாகவே இருக்கட்டும். செவ்வகத்தை விதவிதமாகக் கட்டலாம், வளைத்து வெட்டியதை அது சொல்லும் விதத்தில்தான் கட்டலாம்.

எடைக் கணக்கு இப்படி வரும். சதுர மீட்டருக்கு 18 கிராம் துணியில் 8.1 சதுர மீட்டர், 146 கிராம். முகட்டு டேப் 9485 என்றால் 10 கிராம். பத்துக் காது, துண்டோடு சேர்த்து ஒவ்வொன்றும் மூன்றரை கிராம் என்று வைத்தால் 35. ஆக 190-ஐ ஒட்டி நிற்கும், கயிறும் முளையும் தனி. 25 கிராம் துணி எடுத்தால் துணி மட்டுமே 200-ஐத் தாண்டிவிடும். எதை எடுப்பது என்று கேட்டால், முள்ளும் கிளையும் உரசும் இடங்களில் கட்டுபவர் என்றால் 25-ஐ எடுங்கள், அந்த 57 கிராமுக்காக அழ வேண்டாம். இந்தத் துணி இழுப்புக்கு அசுரன், உரசலுக்கும் குத்தலுக்கும் நோஞ்சான்.

எதில் உறுதியாக இருக்கிறேன், எதில் இல்லை என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். இழுப்பு, உரிப்பு விஷயமும், துடைப்பதும் அழுத்துவதும் காத்திருப்பதும் உறுதியானவை. மூலையை இரண்டு பக்கமும் கவ்வுவது உறுதியானது. எத்தனை வருடம் உழைக்கும் என்பது அப்படியில்லை. என்னிடம் இருப்பதில் ஒன்று ஒன்பதாவது வருடத்தில் இருக்கிறது, ஒட்டு அப்படியே இருக்கிறது, ஒரே கோட்டில் மடித்து மடித்து வைத்த இடங்களில் படலம் களைத்துப்போய் ஊசிமுனை ஓட்டைகள் விழுந்துவிட்டன. ஆனால் வருடத்துக்கு இருபது இரவு கட்டுபவன் கணக்கு அது, நூறு இரவு கட்டுபவருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. மடிக்காமல் தளர்வாகச் சுருட்டிவைத்தால் ஆயுள் கூடும். வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் போட்டுவைக்காதீர்கள். டைனீமா 150 டிகிரியை ஒட்டியே உருகிவிடும் இழை, அதற்கு வெகு முன்பே சூட்டில் பலம் குறையும், பசையும் இளகும். அதனடியில் நெருப்பு மூட்டுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பனி கனமாகக் குவியும் இடத்தில் நான் கட்டியதில்லை. அது இரவு முழுக்க இறங்காமல் நிற்கும் சுமை, இந்தப் பசைக்குப் பிடிக்காத வகைச் சுமை, ஆகவே என் பதிலை அங்கே எடுத்துப்போகாதீர்கள். முதல் இரண்டு மூன்று இரவை, பிய்ந்தாலும் எழுந்து நடந்து கூரைக்குள் போய்விடக்கூடிய தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் பீய்ச்சிப் பார்ப்பது ஒழுகலைக் காட்டும், காற்றைக் காட்டாது.

வெளியே போகும்போது ஒரு சாண் துணியும், காகிதத்தோடு ஒரு சாண் டேப்பும், ஆல்கஹால் துடைப்பான் இரண்டும் பையில் இருக்கட்டும். காது ஒன்று பிய்ந்துவிட்டால் அங்கே ஒரு உருண்டையான கூழாங்கல்லைத் துணிக்கடியில் வைத்து, துணியோடு சேர்த்துக் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டுக் கட்டினால் விடியும்வரை தாங்கும்.

நண்பரின் சில்நைலானுக்கு வருகிறேன். அதை இந்த டேப்பால் ஒட்ட முடியாது. டேப்பின் காகிதம் எப்படி அவ்வளவு சுலபமாக உரிந்து வருகிறது? அதன் மேல் சிலிகோன் பூசியிருக்கிறார்கள். சில்நைலான் என்பது சிலிகோன் பூசிய நைலான். அதில் இந்த டேப்பை ஒட்டுவதும் காகிதத்தில் ஒட்டுவதும் ஒன்றுதான், காலையில் முழுசாக உரிந்து கிடக்கும். அதற்கு சிலிகோன் பசை வேண்டும், அல்லது தைத்து, தையல் மேல் சிலிகோன் தடவ வேண்டும். ஆனால் அந்தப் பெயரில் விற்கும் துணிகள் சிலவற்றில் ஒரு பக்கம் மட்டும் சிலிகோன், மறுபக்கம் பாலியூரித்தேன் பூச்சு. மூலையில் ஒரு துண்டு டேப்பை ஒவ்வொரு பக்கமும் ஒட்டி, ஒரு நாள் விட்டு உரித்துப் பார்க்கச் சொல்லுங்கள், பாலியூரித்தேன் பக்கம் பிடித்துக்கொள்ளும். அப்படியே இருந்தாலும் முகட்டில் அந்தப் பக்கத்தை அந்தப் பக்கத்தோடு முகத்துக்கு முகம் வைத்துத்தான் ஒட்ட முடியும், ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்ட முடியாது. முகத்துக்கு முகம் வைத்து இழுத்தால் அது உரிப்பு. அவருடைய துணிக்குத் தையல்காரரைத்தான் பார்க்க வேண்டும்.